பக்கத்து பெஞ்சின் நோட்டைப் பார்த்து ஜெர்மன் படிக்காதீர்கள்

வேலூரில் ஜெர்மன் வகுப்பு எடுக்கிறேன். வருபவர்களில் பாதிக்கு மேல் நர்சிங் முடித்த பெண்கள். மற்றவர்கள் மேல்படிப்புக்கு ஜெர்மனிக்குப் போக நினைக்கும் என்ஜினியரிங் மாணவர்கள். ஒவ்வொரு பேட்ச்சிலும் முதல் மாதமே ஒரு கேள்வி வந்துவிடும். "மேடம், போன பேட்ச்ல நல்லா படிச்சவங்க எப்படிப் படிச்சாங்க? அதையே நாங்களும் செஞ்சிடுறோம்."

நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான். கேட்பவர்கள் மேல் குறையில்லை, ஆராய்ச்சியாளர்களும் முதலில் இங்கேதான் தொடங்கினார்கள். 1975இல் ஜோன் ரூபின், மொழியை நன்றாகக் கற்பவர்கள் என்னென்ன செய்கிறார்கள் என்று கவனித்து எழுதினார். அதை மற்றவர்களுக்கும் சொல்லிக்கொடுக்கலாம் என்ற நம்பிக்கை அதில் இருந்தது. பின்னால் வந்த ஆய்வுகளில், தேறாத மாணவர்களும் கிட்டத்தட்ட அதே உத்திகளைக் கையாள்வது தெரிந்தது. அவர்கள் அவற்றைப் பொருந்தாத இடத்தில் கையாண்டார்கள், அவ்வளவுதான். 1990இல் ரெபெக்கா ஆக்ஸ்ஃபோர்ட் இந்த உத்திகளை ஆறு வகையாகப் பிரித்தார்: நினைவில் வைப்பது, மொழியை அலசிப் பழகுவது, தெரியாததை ஊகித்துச் சமாளிப்பது, படிப்பைத் திட்டமிடுவது, மனதைத் தேற்றிக்கொள்வது, பிறரோடு சேர்ந்து கற்பது. ஒருவர் இதில் எதைக் கையில் எடுக்கிறார் என்பதை அவருடைய நோக்கம், வளர்ந்த சூழல், எட்டியிருக்கும் நிலை, செய்ய வேண்டிய வேலை எல்லாம் சேர்ந்து தீர்மானிக்கின்றன.

நோக்கத்தையே எடுத்துக்கொள்வோம். சிஎம்சி மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் இருக்கும் லாட்ஜ்களுக்குப் போய்ப் பாருங்கள். மேற்கு வங்கத்திலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் வரும் நோயாளிகளிடம் கவுன்டரில் நிற்கும் தம்பி "ரூம் லாக்பே? கொதோ தின் தாக்பேன்?" என்று சரளமாகக் கேட்பான். ரூம் வேண்டுமா, எத்தனை நாள் தங்குவீர்கள் என்று அர்த்தம். அவனுக்கு வங்க எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. காதில் விழுந்ததைத் திருப்பிச் சொல்லி, தப்பாகச் சொன்னால் வாடிக்கையாளர் முகத்தைப் பார்த்தே திருத்திக்கொண்டு கற்றான். அவன் வேலைக்கு அந்த வழி கச்சிதம்.

அதே வழி என் மாணவிக்குப் போதாது. ஜெர்மன் மொழித் தேர்வுகளை நடத்தும் கோதே நிறுவனத்தின் பி2 என்ற மேல் இடைநிலைத் தேர்வில் வாசிப்பு, கேட்டல், எழுத்து, பேச்சு என்று நான்கு பகுதிகள். ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு 60 வேண்டும். பேச்சில் 90 வாங்கினாலும் எழுத்தில் 55 என்றால் அந்தப் பகுதியைத் திரும்ப எழுத வேண்டியதுதான். ஜப்பானிய மொழிக்கான ஜேஎல்பிடி தேர்விலோ பேச்சுப் பகுதியே கிடையாது. அதற்குப் படித்த அண்ணன் சொல்லும் வழியை ஜெர்மன் படிக்கும் தங்கை அப்படியே பிடித்துக்கொண்டால் என்ன ஆகும், யோசித்துப் பாருங்கள். தேர்வின் அமைப்பைப் பார்க்காமல் படிக்கத் தொடங்குவது, பஸ் எங்கே போகிறது என்று கேட்காமல் ஏறுவது மாதிரி.

அடுத்தது மனப்பாடம். ஒரு மாணவி தன் நோட்டைக் காட்டினாள். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, நீல மையில் ஜெர்மன், கறுப்பில் தமிழ், அறுநூறு சொற்களுக்கு மேல் எழுதியிருந்தாள். 'டிஷ் – மேசை' என்று இருந்தது. 'டேர் டிஷ்' என்று இல்லை. ஜெர்மனில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும், அது ஆண்பாலா, பெண்பாலா, இரண்டும் இல்லையா என்பதைப் பொறுத்து டேர், டீ, டாஸ் என்ற மூன்றில் ஒன்று முன்னால் வரும். அது தெரியாமல் ஒரு வாக்கியம்கூடச் சரியாக அமையாது. இத்தனை உழைப்புக்குப் பிறகு அறுநூறையும் மறுபடி படிக்க வேண்டும் என்று எப்படிச் சொல்வேன்? எனக்கே மனசு கஷ்டமாகிவிட்டது.

இதற்காக அவளைக் குறை சொல்ல முடியாது. பன்னிரண்டு வருடம் புத்தகத்தின் பின்பக்கக் கேள்விகளை ஒப்பித்துத்தான் பொதுத்தேர்வில் மதிப்பெண் வாங்கினாள். கைகொடுத்த வழியைத்தானே யாரும் திரும்பப் பிடிப்பார்கள்? அதனால் மனப்பாடத்தைத் தூக்கிப் போடச் சொல்வதும் தவறு. எதை மனப்பாடம் செய்வது என்பதை மாற்றினால் போதும்: தனிச்சொல்லுக்குப் பதில் டேர், டீயோடு சேர்ந்த சிறு வாக்கியம், ஒரே ராத்திரியில் ஐம்பது என்பதற்குப் பதில் இன்று, நாளை, நான்கு நாள் கழித்து, அடுத்த வாரம் என்று இடைவெளி விட்டு.

வயதாகிவிட்டது, இனி மொழி வராது என்பவர்களுக்கு: உச்சரிப்பில் சிறுவர்களுக்குச் சாதகம் உண்டு, ஆனால் திட்டமிட்டுப் படிப்பது பெரியவர்களுக்குத்தான் எளிது. பெண்கள் அதிக உத்திகளைக் கையாள்வதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன, எல்லா ஆய்வுகளும் அப்படிச் சொல்லவில்லை. இதை வைத்து யாரும் தன்னை எடைபோட வேண்டாம்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வரும் தவறு ஒன்று உண்டு. வீட்டு மொழியைச் செருப்போடு வாசலில் விட்டுவிட்டு வகுப்புக்குள் வா என்று மாணவர்களுக்குச் சொல்வது. "இஷ் கொம்ம நிஷ்ட், வைல் இஷ் கிராங்க் பின்." நான் வரவில்லை, ஏனென்றால் எனக்கு உடம்பு சரியில்லை என்று பொருள். 'வைல்' வந்தால் வினைச்சொல்லான 'பின்' கடைசிக்குப் போய்விடும். ஆங்கிலம் வழியாக யோசிப்பவர்கள் இங்கே மாதக்கணக்கில் தடுமாறுகிறார்கள். வினையைக் கடைசியில் வைப்பது தமிழுக்குப் புதிதா என்ன? "தமிழ் மாதிரி முடி" என்று ஒரு வார்த்தை சொன்னால் முகம் தெளிந்துவிடுகிறது. வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் உருது பேசும் வீடுகளிலிருந்து வருபவர்களுக்கு இன்னொரு சொத்து இருக்கிறது. உருதுவில் புத்தகம்கூடப் பெண்பால்தான். உயிரில்லாத பொருளுக்குப் பால் எதற்கு என்று தமிழ்ப் பிள்ளைகள் திகைக்கும் இடத்தை அவர்கள் சாதாரணமாகக் கடந்துவிடுவார்கள். குடியாத்தம் பக்கம் பாட்டியோடு தெலுங்கும் தெருவில் தமிழும் பேசி வளர்ந்த பிள்ளைகள் தெரியாத சொல்லைக் கண்டு பயப்படுவதில்லை, ஊகித்துக்கொண்டு மேலே போகிறார்கள். தொடக்க நிலை தாண்டியதும் மிகவும் தேவைப்படும் பழக்கம் அது. ஒவ்வொரு சொல்லுக்கும் மொபைலில் அர்த்தம் தேடுபவர்கள் கேட்டல் பகுதியில் முதல் தெரியாத சொல்லிலேயே நின்றுவிடுகிறார்கள். அதற்குள் ஒலிப்பதிவு எங்கேயோ போயிருக்கும்.

கடைசியாக, வகுப்பு நடத்துபவர்கள் செய்யும் தவறு. நானும் செய்தேன். அணைக்கட்டு பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த ஒரு பெண் பேசத் தொடங்கும்போதெல்லாம் பாதி வாக்கியத்திலேயே நிறுத்தித் திருத்தினேன். மூன்றாவது வாரம் பார்த்தால், நன்கு தெரிந்த நான்கு வாக்கியங்களையே சுற்றிச் சுற்றிச் சொல்கிறாள். அப்புறம் அதையும் நிறுத்திவிட்டாள். அவள் வகுப்பில் பேசாமல் இருந்தது சோம்பலால் இல்லை. என் வகுப்பில் தப்பித்துக்கொள்ள அவள் கண்டுபிடித்த உத்தி அது.

அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். தினமும் அன்று நடந்ததை ஜெர்மனில் வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்டாக அனுப்பு, நான் எதையும் திருத்த மாட்டேன், கேட்பேன், பதில் மட்டும் சொல்வேன் என்றேன். முதல் நாள் ஆறு வினாடி. போன வாரம் வந்தது ஒரு நிமிடத்துக்கு மேல். பின்னணியில் கண்டக்டர் "பாகாயம், பாகாயம்" என்று கூவுகிறார். நடுவில் 'டீ டிஷ்' என்று சொல்லிவிட்டு, ஒரு நொடி நிறுத்தி, "நைன், டேர் டிஷ்" (இல்லை, டேர் டிஷ்) என்று தானே திருத்திக்கொண்டு மேலே பேசிக்கொண்டு போகிறாள்.