மொட்டை மாடி ஒழுகலும் மேஸ்திரியுடன் போட்ட ஒப்பந்தமும்

வடகிழக்குப் பருவமழையில் எங்கள் மொட்டை மாடி ஒழுகியபோது, விலை சொல்ல வந்த மூவரும் மூன்று விதமான வேலையைச் சொல்லி மூன்று விதமான தொகையைக் கேட்டதால், அவற்றை ஒப்பிடவே வழியில்லை. எனவே, செய்ய வேண்டியவற்றை நானே ஒரு தாளில் எழுதினேன்: பழைய தட்டோடுகளைப் பெயர்த்தல், விரிசல்களைச் செதுக்கி அடைத்தல், கைப்பிடிச் சுவரின் அடி மூலையைக் கலவையால் வளைத்துப் பூசுதல், நீர்த்தடுப்புப் பூச்சு இரண்டு முறை, மழைநீர்க் குழாயை நோக்கி 100 அடிக்கு 1 அடி சரிவில் தட்டோடு பதித்தல், இடிபாடுகளை அகற்றுதல். அதே தாளுக்கு மூவரும் சதுர அடிக் கணக்கில் விலை எழுதித் தந்தபோதுதான், மிகக் குறைவாகக் கேட்டவர் இடிபாடு அள்ளும் செலவைச் சேர்க்கவே இல்லை என்பது தெரிந்தது. (பாதிச் சண்டைகள் அந்த இடிபாட்டு மூட்டைகளில்தான் தொடங்குகின்றன.)

மூவரில் ஒரு மேஸ்திரியிடம் வேலையை ஒப்படைத்து, பணத்தைத் தவணைகளாகப் பிரித்தோம். பூச்சு உலர்ந்தபின், தட்டோடு பதிக்கும் முன்பு, குழாய் வாயை அடைத்து 48 மணி நேரம் நீர் தேக்கிப் பார்க்க வேண்டும் என்றும், கீழே ஈரம் காணாவிட்டால் மட்டுமே அடுத்த தவணை என்றும் எழுதி, மேஸ்திரியும் நானும் கையெழுத்திட்டோம். முதல் சோதனையில் குழாயைச் சுற்றி ஈரம் தெரிந்தது. மேலே தட்டோடு இல்லாததால், அவர் அந்த இடத்தை மட்டும் கொத்தி அடைத்து, கூடுதல் கூலி கேட்காமல் மீண்டும் நீர் தேக்கிக் காட்டினார்.