நான்கு மருத்துவர்கள், ஒரே ஒரு மருந்துத் தாள்

களக்காட்டிலோ வள்ளியூரிலோ இருக்கும் ஒரு முதியவர் சர்க்கரைக்கு உள்ளூரில் ஒரு மருத்துவரையும், இதயத்துக்கு வண்ணார்பேட்டையில் இன்னொருவரையும், மூட்டுவலிக்குப் பாளையங்கோட்டையில் வேறொருவரையும் பார்த்துக்கொண்டு, காய்ச்சல் வந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் மாத்திரை வாங்கிக்கொள்வது நம் திருநெல்வேலிப் பக்கத்தில் வழக்கம். ஒவ்வொருவரும் தம் பொறுப்பைச் சரியாகவே செய்கிறார்கள். ஆனால் ஒருவர் எழுதிய சீட்டு மற்றவர் கண்ணில் படுவதில்லை. எல்லாச் சீட்டுகளையும் சேர்த்துப் பார்க்கும் வேலையை வீட்டில் ஒருவர் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

முதலில், வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பாயில் பரப்பி, கம்பெனி வைத்த பெயருக்கு அருகில் சிறிய எழுத்தில் இருக்கும் மருந்தின் மூலப்பெயரைப் படியுங்கள். எங்கள் ஆச்சி ஒரு நாள் விடியற்காலையில் உடல் வியர்த்து, பேச்சுக் குழறிக் கிடந்தார்கள். இரண்டு மருத்துவர்கள் எழுதிய, வேறு வேறு பெயர் கொண்ட இரண்டு மாத்திரைகளிலும் சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிபிரைடு என்ற ஒரே மருந்து இருந்ததும், அதனால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கியதும் பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அட்டையைத் துண்டாக வெட்டிக் கொடுத்தால் மூலப்பெயர் போய்விடும்; ஆகவே பெயருள்ள பகுதியைக் கடைக்காரரிடம் கேட்டு வாங்குங்கள்.

பிறகு ஒரே தாளில், மூலப்பெயர், எத்தனை மில்லிகிராம், எந்த வேளை, யார் எழுதியது, எதற்காக, எந்தத் தேதியிலிருந்து என்று எழுதுங்கள். ஒவ்வாமை தரும் மருந்துகளைத் தாளின் தலைப்பில் எழுதுங்கள். கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை, நாட்டு மருந்து, சூரணம் ஆகியவற்றையும் விட்டுவிடாதீர்கள். டெல்மிசார்டான் போன்ற இரத்த அழுத்த மருந்தோடு, நீர் பிரியும் மாத்திரையும் டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரையும் சேர்ந்தால் சிறுநீரகம் பாதிக்கப்படக்கூடும். தைராய்டு மாத்திரைக்கும் கால்சியம் அல்லது இரும்புச்சத்து மாத்திரைக்கும் 4 மணி நேர இடைவெளி வேண்டும் என்பதும் தாளைப் பார்த்தால்தான் மருத்துவருக்கு நினைவுக்கு வரும். எதையாவது இரட்டிப்பாகக் கண்டால், நீங்களாக நிறுத்தாமல் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

அடுத்து, இவர்களில் ஒருவரைத் தலைமை மருத்துவராக மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய பட்டம் பெற்றவராக இருக்க வேண்டியதில்லை. பக்கத்தில் இருந்து, கேட்டால் பதில் சொல்கிறவராக இருந்தால் போதும். மற்ற ஒவ்வொருவரையும் பார்த்து வந்தபின் அவரிடம் தாளைக் காட்டி, முழுவதையும் ஒரு முறை பார்த்துச் சொல்லும்படி கேளுங்கள். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கு வந்து சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை தரும் பணியாளரிடமும் அதே தாளைக் காட்டுங்கள். தனியாரிடம் வாங்கும் மாத்திரையே அங்கும் வரலாம்.

பரிசோதனை முடிவுகளைத் தேதி வரிசையில் ஒரே கோப்பில் வையுங்கள். மூன்று மாதச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி சோதனையைப் போன மாதம் எடுத்திருந்தால், புதிய மருத்துவர் மறுபடி எழுதும்போது பழைய முடிவைக் காட்டலாம். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையிலோ தனியாரிடமோ உள்நோயாளியாக இருந்து திரும்பினால், வெளியேறும்போது தரும் சுருக்கத்தைக் கோப்பின் முதலில் வையுங்கள். மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிகள் கூறுகின்றன. தயங்காமல் எழுதிக் கேளுங்கள்.

மருத்துவரின் அறையை விட்டு எழுமுன் இரண்டு கேள்விகளைக் கட்டாயம் கேளுங்கள்: “புதிதாகத் தந்ததை எத்தனை நாள் சாப்பிட வேண்டும்? பழையதில் எதை நிறுத்த வேண்டும்?” அவர் சொல்லும் பதிலை அங்கேயே, அவர் முன்னாலேயே தாளில் எழுதி, நிறுத்தச் சொன்ன மருந்தை அடித்துத் தேதியிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் அந்த அட்டையை மாத்திரை டப்பாவிலிருந்து எடுத்துவிடுங்கள்.