வெங்காய வேர்நுனியில் கலவட்டத்தைப் பார்ப்பது எப்படி

வெள்ளவத்தையில் உயர்தர உயிரியல் மாணவருக்காக கலவட்டத்தை, அதாவது கலம் வளர்ந்து இரண்டாகப் பிரியும் சுழற்சியை, காட்டும் இந்தச் செய்முறையை முதன்முதலில் ஆயத்தம் செய்தபோது, நான்கு கண்ணாடி வழுக்கிகளிலும் நீண்ட கலங்கள் மட்டுமே தெரிந்தன. பிரிந்துகொண்டிருந்த கலம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. பிழை நுணுக்குக்காட்டியில் இல்லை, நான் வெட்டிய இடத்தில் இருந்தது.

யோகட் கோப்பையில் நீர் நிரப்பி, வெங்காயத்தின் அடிப்பகுதி மட்டும் நீரைத் தொடும்படி, பல்லுக்குச்சிகளைக் குத்தி நிறுத்துங்கள். பெரிய வெங்காயத்தைவிடச் சின்ன வெங்காயத்தையே நான் விரும்புகிறேன், ஏனெனில் அது விரைவாகவும் நிறையவும் வேர்விடுகிறது. கொழும்பு வெக்கையில் நீர் ஒரே நாளில் நாறிவிடும் என்பதால் நாள்தோறும் மாற்றுங்கள்.

வேர் ஒன்றிரண்டு சென்ரிமீற்றர் நீண்டதும் வெட்டி, மூன்று பங்கு எதனோலும் ஒரு பங்கு அசற்றிக் அமிலமும் கலந்த கலவையில் ஒரு நாள் வையுங்கள். கலங்கள் அப்போதிருந்த நிலையிலேயே உறைந்துவிடும்.

அடுத்த படிதான் பலரையும் வழுக்கி விழுத்துகிறது. கலச்சுவர்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்ரினைக் கரைக்காமல் எவ்வளவு நசுக்கினாலும் கலங்கள் பிரியாமல் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்தே கிடக்கும். எனவே வேரை 60 பாகை செல்சியசில் ஒரு நோர்மல் செறிவுள்ள ஐதரோகுளோரிக் அமிலத்தில் ஐந்து முதல் பத்து நிமிடம் வைத்து, பின்னர் நீரில் நன்கு கழுவ வேண்டும். இதைக் கண்ணாடியும் கையுறையும் அணிந்து, ஆய்வுகூடத்தில் ஆசிரியர் முன்னிலையில் செய்யுங்கள். பதம் சரியானால் வேர் ஊசி பட்டதும் குழைந்து நெகிழும்.

இனி நுனியின் கடைசி இரண்டு மில்லிமீற்றரை மட்டும் சவர அலகால் வெட்டியெடுங்கள். கலங்கள் தொடர்ந்து பிரியும் பகுதியான பிரியிழையம் அங்கேதான் இருக்கிறது. அதற்கு மேலேயுள்ள கலங்கள் பிரிவதை நிறுத்தி நீள்கின்றன. நான் முன்பு வெட்டியது அந்தப் பகுதியைத்தான். வெட்டிய நுனியை வழுக்கியில் வைத்து, அசற்றோகாமைன் என்னும் சாயத்தில் ஒரு துளி இட்டு, சில நிமிடம் பொறுத்து, மூடித்துண்டை வைத்து, பென்சிலின் அழிறப்பர் முனையால் மெல்லத் தட்டி, வடிதாளை மேலே வைத்துப் பெருவிரலால் நேராக அழுத்துங்கள். பக்கவாட்டில் அசைத்தால் கலங்கள் சுருண்டு கெட்டுவிடும்.

நுணுக்குக்காட்டியின் 40 மடங்கு பொருளியில் (பொருளுக்கு அருகிலுள்ள வில்லையில்) பாருங்கள். பிரிவின் முதற்கட்டமான முன்னவத்தையில், டிஎன்ஏயைத் தாங்கும் நிறமூர்த்தங்கள் நூல்போலத் திரண்டிருக்கும். அடுத்த கட்டமான அனுவவத்தையில் வெங்காயக் கலத்தின் பதினாறு நிறமூர்த்தங்களும் கலத்தின் நடுவில் நிற்கும். மேன்முகவவத்தையில் ஒவ்வொரு நிறமூர்த்தத்தின் இரு பாதிகளான அரைநிறவுருக்கள் பிரிந்து இரு முனைகளுக்கும் செல்லும். ஈற்றவத்தையில் இரு கருக்களுக்கிடையே கலத்தைப் பிரிக்கும் கலத்தட்டுத் தோன்றும்.

பின்னர் சேர்த்தது: “பெரும்பாலான கலங்களில் முழுக் கருவே தெரிகிறது, வழுக்கி பிழையா?” என்று வாசகர் சிலர் கேட்டிருந்தனர். பிழையில்லை. அவை இடையவத்தையில், அதாவது இரு பிரிவுகளுக்கு இடைப்பட்ட காலத்தில், உள்ள கலங்கள். அதை ஓய்வுநிலை என்று மனப்பாடம் செய்தவர்கள் அவ்வெண்ணத்தைக் கைவிட வேண்டும். அக்காலத்தில்தான் கலம் வளர்ந்து, தன் டிஎன்ஏயை இரட்டிப்பாக்குகிறது. அந்த இரட்டிப்பு இடையவத்தைக்குள் ஒரு குறித்த கட்டத்திலேயே நிகழ்கிறது என்பதை 1953இல் ஹோவர்ட், பெல்க் என்னும் ஆய்வாளர்கள் கதிர்த்தொழிற்பாடுள்ள பொசுபரசு கொண்டு, அவரையின் உறவுத்தாவரம் ஒன்றின் வேரில் காட்டினர்.

எண்ணிப்பார்க்க விரும்புவோர் ஆயிரம் கலங்களை எண்ணுங்கள். அவற்றில் எண்பது பிரிந்துகொண்டிருந்து, முழு வட்டத்துக்கு இருபது மணித்தியாலம் என்று கொண்டால், அதே விகிதத்தில் பிரிவுக்குச் செல்வது ஏறத்தாழ ஒரு மணித்தியாலமும் முப்பத்தாறு நிமிடமும் ஆகும்.