மறுபரிசீலனை மனு போட்டாலும் நீதிமன்றக் கெடு நிற்காது

அமெரிக்காவில் நாடுகடத்தல் வழக்கை எதிர்கொள்பவர்களில் பலர், குடிவரவு மேல்முறையீட்டு வாரியம் தங்கள் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்ததும், முதலில் வாரியத்திடமே மறுபரிசீலனை மனு கொடுத்துப் பார்ப்போம், அதுவும் பலிக்காவிட்டால் நீதிமன்றத்துக்குப் போவோம் என்று நினைக்கிறார்கள். இயல்பான யோசனைதான் என்றாலும், இந்த வரிசையே வழக்கைக் கெடுத்துவிடும். வாரியத்தின் இறுதி உத்தரவை எதிர்த்து வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் சீராய்வு மனு தாக்கல் செய்ய 30 நாள்கள்தான் அவகாசம். மறுபரிசீலனை மனு நிலுவையில் இருப்பதால் அது ஒரு நாள்கூட நீளாது. (தமிழ்ச் செய்திகளில் சீராய்வு மனு என்றால் தீர்ப்பளித்த நீதிமன்றத்திடமே கொடுப்பது, இங்கே அச்சொல் வாரியத்துக்கு வெளியே உள்ள கூட்டாட்சி நீதிமன்றத்தில் கொடுக்கும் மனுவைக் குறிக்கிறது.)

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1995-இல் ஸ்டோன் வழக்கில் இதை முடிவு செய்தது. வாரியம் 1991 ஜூலையில் கொடுத்த உத்தரவை மறுபரிசீலனை செய்யக் கோரி ஆகஸ்டில் மனு கொடுத்தார் ஸ்டோன். அது நிராகரிக்கப்பட 1993 பிப்ரவரி ஆகிவிட்டது. அதன்பிறகு அவர் நீதிமன்றத்தை அணுகியபோது, மூல உத்தரவை எதிர்ப்பதற்கான காலம் எப்போதோ முடிந்துவிட்டது என்று தீர்ப்பானது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். வாரியத்தின் உத்தரவு மார்ச் 3 தேதியிட்டது என்றால், சீராய்வு மனுவுக்குக் கடைசி நாள் ஏப்ரல் 2. மறுபரிசீலனை மனுவுக்கும் 30 நாள்களே என்பதால் அதற்கும் அதே நாள்தான். மார்ச் 28-இல் மறுபரிசீலனை மனு கொடுத்து, வாரியம் அதைச் செப்டம்பர் 10-இல் நிராகரித்தால், அந்த நிராகரிப்பை எதிர்த்து அக்டோபர் 10-க்குள் இரண்டாவது சீராய்வு மனு தாக்கல் செய்ய வேண்டும். இரண்டையும் தாக்கல் செய்தவரின் மனுக்களை நீதிமன்றம் ஒன்றாக இணைத்து விசாரிக்கும். முதலாவதைத் தவறவிட்டவர் நிராகரிப்பை மட்டுமே எதிர்க்க முடியும். புகலிடம் ஏன் மறுக்கப்பட்டது என்பது போன்ற அடிப்படைக் கேள்வி அவர் கையைவிட்டுப் போய்விடும். உறையின் மேல் உள்ள அஞ்சல் முத்திரையை வைத்து நாள் எண்ணாதீர்கள். உத்தரவில் இடப்பட்ட தேதியிலிருந்தே எண்ணுங்கள்.

இந்த 30 நாள் கெடு நீதிமன்றத்தின் அதிகார வரம்பைச் சேர்ந்ததல்ல, அதாவது கெடு தாண்டியதாலேயே மனுவை விசாரிக்கும் அதிகாரத்தை நீதிமன்றம் இழந்துவிடாது என்று 2025-இல் ரைலி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது உண்மைதான். ஆனால் அரசுத் தரப்பு ஆட்சேபித்தால் கெடு கட்டாயமாகவே அமலாகும் என்பதால், அந்தத் தீர்ப்பை நம்பித் தாமதிப்பது பெரும் ஆபத்து. இன்னொரு தீர்ப்பு உண்மையிலேயே உதவக்கூடியது: நீதிமன்றத்துக்குப் போகுமுன் மறுபரிசீலனை மனு கொடுத்திருக்கத் தேவையில்லை என்று 2023-இல் சான்டோஸ்-சக்கரியா வழக்கு தெளிவுபடுத்தியது. எல்லாப் படிகளையும் ஏறியாக வேண்டுமே என்ற அச்சத்தால் மட்டும் அம்மனுவைக் கொடுக்க வேண்டியதில்லை.

கொடுப்பதென்று முடிவு செய்தால், பொதுவாக ஒரே ஒரு வாய்ப்புதான் என்பதை மனத்தில் வைத்து எழுதுங்கள். ஏற்கெனவே உள்ள ஆவணங்களின் அடிப்படையில் வாரியம் சட்டத்திலோ உண்மைகளைப் புரிந்துகொண்டதிலோ எங்கே தவறியது என்று சுட்டி, அதற்கான சட்டப்பிரிவையும் முன்தீர்ப்பையும் மேற்கோள் காட்ட வேண்டும். புதிய சான்றுகள் கிடைத்திருந்தால் அதற்கு வழி மறுதிறப்பு மனு. அதன் பொதுவான கெடு 90 நாள். மேல்முறையீட்டில் சொன்னதையே மீண்டும் சொல்லும் மனுவை வாரியம் எளிதாகத் தள்ளிவிடும், நீதிமன்றமும் அதில் குறை காணாது. ஏனென்றால், வாரியம் தன் விருப்புரிமையைத் தவறாகப் பயன்படுத்தியதா என்பதையே நீதிமன்றம் பார்க்கிறது: காரணம் சொல்லாமல் விட்டதா, முன்வைத்த வாதத்தைக் கண்டுகொள்ளாமல் போனதா, தன் சொந்த முன்தீர்ப்புகளிலிருந்து விளக்கமின்றி விலகியதா, சட்டத்தைத் தவறாகப் படித்ததா என்று. “வாரியம் ஆதாரங்களைச் சரியாகப் பார்க்கவில்லை” என்ற வரியால் பயனில்லை. “குடிவரவு நீதிபதி நம்பகமானது என்று ஏற்ற மருத்துவச் சான்றிதழைப் பற்றி உத்தரவில் ஒரு சொல்கூட இல்லை” என்று பக்க எண்ணோடு எழுதினால், நீதிமன்றம் பதில் தேடியே ஆக வேண்டும். நீதிமன்றம் வழக்குப் பதிவேட்டில் இருப்பதை மட்டுமே பார்க்கும் என்பதால், சொல்ல வேண்டியதை வாரியத்திடமே சொல்லிவிட வேண்டும்.

சீராய்வு மனுவை, நீங்கள் குடியிருக்கும் இடத்தைப் பார்த்தல்ல, குடிவரவு நீதிபதி விசாரணையை முடித்த இடம் எந்த வட்டாரத்தில் வருகிறதோ அந்த நீதிமன்றத்தில் தாக்கல் செய்யுங்கள். எதிர்மனுதாரர் அமெரிக்க அட்டர்னி ஜெனரல். உத்தரவின் நகலை இணைத்து, இதே உத்தரவை வேறு நீதிமன்றம் ஏதேனும் உறுதி செய்திருக்கிறதா என்பதையும் குறிப்பிடுங்கள்.

மறுபரிசீலனை மனு, சீராய்வு மனு இரண்டில் எதுவும் நாடுகடத்தலைத் தானாக நிறுத்தாது. நீதிமன்றத்தில் தடையாணை கோரித் தனி மனு கொடுக்க வேண்டும். வெற்றி வாய்ப்பும் ஈடுசெய்ய முடியாத பாதிப்பும் அதில் முதன்மையானவை என்று 2009-இல் இன்கென் வழக்கில் வகுக்கப்பட்டது. நாடுகடத்தப்படாமல் தாங்களே நாட்டைவிட்டு வெளியேற அவகாசத்துடன் அனுமதி பெற்றவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்; அந்த அவகாசத்துக்குள் மறுபரிசீலனை மனுவோ சீராய்வு மனுவோ கொடுத்தால் பொதுவாக அந்த அனுமதி ரத்தாகிவிடும். எனவே எதையும் தாக்கல் செய்வதற்கு முன்பே குடிவரவு வழக்கறிஞரிடம் இதைக் கேட்டுவிடுங்கள். தாக்கல் செய்த பிறகு கேட்டால் அவரால் செய்யக்கூடியது மிகக் குறைவு.