கழுத்து வலியும் புதன்கிழமைத் தவணையும்

இலங்கை மலைநாட்டில், மஸ்கெலியா பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கிறேன். கழுத்தில் தொடங்கிப் பின்மண்டை வரை இறுக்கும் வலி மாதக்கணக்கில் விடவில்லை. கூடைக் கயிறுதான் காரணம் என்றார்கள். வேலையில்லாத போயா (பௌர்ணமி விடுமுறை) நாளிலும் வலித்ததே! எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. "எல்லாம் மனசுதான்" என்று ஒருவர் சிரித்தபோது கோபம்தான் வந்தது. வலி பொய்யில்லையே.

கிளினிக்குக்குப் புதிதாக வந்த டொக்டர் அம்மா, வலிக்கும் நாட்களைக் கலண்டரில் குறிக்கச் சொன்னார். குறித்துப் பார்த்தால் செவ்வாய் இரவுதான் மோசம். புதன் காலையில் கடன் தவணைக்காரர் எங்கள் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் வந்து நிற்பார். பயந்தால் உடம்பில் அட்ரினலின் என்ற ஹோர்மோன் சுரந்து தசை இறுகும், அந்த இறுக்கம் தளராமலே கிடந்தால் வலிக்கும், தூக்கமும் கெட்டால் அதே வலி இன்னும் கூடத் தெரியும் என்று விளக்கினார். இரவில் நான் பல்லை நெறுநெறுவென்று கடிப்பதாக மகள் சொன்னதும் அப்போதுதான்.

அப்புறம் கடன் விஷயத்தை வீட்டுக்காரரிடம் சொன்னேன். ஏசினார், சரி. ஆனால் இருவருமாகப் போய்ப் பேசி, வாரத் தவணையை மாதத்துக்கு மாற்றினோம். படுக்கும்போது வயிறு உப்ப மூச்சிழுத்து, அதைவிட மெதுவாக விடுகிறேன். மழைக் குளிரில் இன்னமும் கொஞ்சம் பிடிக்கும். வலிக்குப் பெனடோல் மாத்திரை வாங்குவது குறைந்துவிட்டது. கை மரத்தாலோ, காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலோ மட்டும் வீட்டில் இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.