கோரல்ட்ரா: தாளுக்கு வெளியே வைத்த பொருள் எந்தப் பக்கத்துக்குச் சொந்தம்?

12 பக்க மாதக் காலண்டர் ஒன்றை கோரல்ட்ரா என்ற வரைகலை மென்பொருளில் அமைக்கிறீர்கள். ஜனவரிக்கு எடுத்த படத்தை, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தாளுக்கு வெளியே இழுத்துப் போடுகிறீர்கள். பிப்ரவரிக்குப் போனால் அதே படம் அதே இடத்தில் நிற்கிறது. மார்ச்சிலும் அப்படியே. தேவையில்லாத நகல் என்று நினைத்து மார்ச்சில் அழித்தால் ஜனவரியிலும் காணாமல் போகிறது.

மென்பொருளில் கோளாறு எதுவும் இல்லை. பக்கங்களையும் பொருள்களையும் பட்டியலிடும் பலகமான ஆப்ஜெக்ட்ஸ் டாக்கரைத் திறந்து பாருங்கள் (பழைய பதிப்புகளில் இதன் பெயர் ஆப்ஜெக்ட் மேனேஜர்). பக்கங்களின் பட்டியலோடு ‘மாஸ்டர் பேஜ்’ என்று ஒரு பிரிவு தனியாக இருக்கும். அதற்குள் கைட்ஸ், டெஸ்க்டாப், கிரிட் என்ற லேயர்கள் (அடுக்குகள்) உள்ளன. தாளை விட்டு முழுவதும் வெளியே போகும் பொருள் தன் லேயரை விட்டுவிட்டு டெஸ்க்டாப் லேயருக்கு மாறிவிடும். டெஸ்க்டாப் எல்லாப் பக்கங்களுக்கும் பொது. பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரில் பழகியவர்களுக்கு இது புதிதல்ல, அதன் வெளிப்பரப்பும் பொதுவானதுதான். இன்டிசைனிலிருந்து வருபவர்கள்தான் திணறுவார்கள். அங்கே நேர்மாறு: லேயர்கள் ஆவணம் முழுமைக்கும் பொது, வெளியே வைத்த பொருளோ அந்தந்த விரிப்புக்கு (எதிரெதிராக விரியும் பக்கங்களுக்கு) மட்டும் உரியது.

இந்தப் பொதுத்தன்மை காலண்டர் வேலைக்கு நல்ல வசதி. அமாவாசை, பௌர்ணமி, பிரதோஷம், கார்த்திகைக் குறியீடுகளை ஒரு முறை வரைந்து வெளியே வரிசையாக வைத்துவிட்டால் 12 மாதத்துக்கும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். எடுக்கும்போது அசலையே இழுக்காதீர்கள். இடது பட்டனில் இழுத்து, விடுவதற்கு முன் வலது பட்டனை ஒரு தட்டு தட்டினால் அசல் அங்கேயே இருக்க, நகல் மட்டும் வரும். உள்ளே வந்தது அந்த மாதத்தின் லேயரில்தான் சேர்ந்ததா என்று டாக்கரில் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தந்த மாதத்துக்கு மட்டும் உரிய மாற்றுப் படங்களுக்கு வழி வேறு. டெஸ்க்டாப் லேயரைப் பூட்டிவிடுங்கள். பூட்டுச் சின்னம் (பழையவற்றில் பென்சில்) லேயரின் பெயருக்குப் பக்கத்திலேயே இருக்கும். பூட்டிய பிறகு வெளியே தள்ளும் பொருளுக்கு டெஸ்க்டாப்பில் இடம் கிடைக்காது. அது தன் பக்கத்தின் லேயரிலேயே தங்கும், அடுத்த பக்கத்துக்குப் போனால் தெரியாது. ஏற்கெனவே டெஸ்க்டாப்புக்குப் போய்விட்டவை பூட்டுவதால் திரும்பி வராது. உரிய பக்கத்துக்குப் போய், அதன் லேயரைத் தேர்ந்து, பொருளைத் தாளுக்குள் இழுத்து, டெஸ்க்டாப்பைப் பூட்டி, அதன் பின் மறுபடி வெளியே தள்ளுங்கள். இந்த வரிசை மாறினால் பொருள் மறுபடியும் டெஸ்க்டாப்புக்கே போய்விடும்.

பூட்டுவதில் இன்னொரு பாதுகாப்பும் உண்டு. டெஸ்க்டாப் திறந்திருக்கையில் கன்ட்ரோல் + ஏ அடித்தால் வெளியே உள்ளவையும் சேர்ந்து தேர்வாகும். ஒரு மாதத்தை மட்டும் காலி செய்வதாக நினைத்து டெலீட் அழுத்தினால் குறியீட்டுத் தொகுப்பு முழுவதும் போய்விடும். குறியீடு எடுக்கும்போது மட்டும் திறந்து, முடிந்ததும் பூட்டுவதே நல்ல பழக்கம்.

கடையின் பெயர், முகவரி, அடிப்பட்டை போல எல்லா மாதத்திலும் அச்சாக வேண்டியவற்றைப் பக்கம் பக்கமாக ஒட்ட வேண்டாம். முகவரியில் ஓர் எண் மாறினால் 12 இடத்தில் திருத்த வேண்டியிருக்கும், ஓரிடமாவது விட்டுப்போகும். புதிய மாஸ்டர் லேயர் உருவாக்கி அதில் ஒரு முறை வையுங்கள். எல்லாப் பக்கம், ஒற்றைப்படைப் பக்கம், இரட்டைப்படைப் பக்கம் என மூன்று வகை உண்டு. தாளின் இருபுறமும் அச்சாகும் வேலையில் ஒற்றை, இரட்டைப் பிரிவு மிகவும் உதவும். மாஸ்டரில் வைத்த பின்னணி மாதக் கட்டங்களை மறைத்தால், நடப்புப் பக்கத்தின் லேயர்களை மட்டும் காட்டும் பார்வைக்கு மாறி, அந்த லேயரைப் பட்டியலில் கீழே இழுத்துவிடுங்கள்.

மாஸ்டரில் வேலை முடிந்ததும் பக்கத்தின் சொந்த லேயரைக் கிளிக் செய்ய மறக்கக் கூடாது. மறந்தால் அடுத்து ஒட்டும் ஏப்ரல் படம் 12 மாதத்திலும் வந்துவிடும். கைட்ஸ் லேயர் தேர்வாகிக் கிடந்தால் வேறு விதமான தொல்லை: எழுதியதும் வரைந்ததும் வழிகாட்டிக் கோடாகிவிடும், திரையில் தெரியும், அச்சில் வராது. “எழுத்து அச்சாகவில்லை” என்ற புகார் வந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

அச்சகத்துக்கு அனுப்பும் முன் எஃப்4 அழுத்துங்கள். வெளியே சிதறிக் கிடப்பவை எல்லாம் பார்வைக்குள் வரும், தாள் மட்டும் ஒரு மூலையில் சிறியதாகத் தெரிந்தால் எங்கோ தொலைவில் ஏதோ கிடக்கிறது என்று பொருள். ஷிஃப்ட் + எஃப்4 பழையபடி தாளுக்குக் கொண்டுவரும். வெளியே மறந்துபோன ஒற்றை வரி எழுத்துகூட அச்சகத்தில் ‘எழுத்துரு இல்லை’ என்ற எச்சரிக்கையைக் கிளப்பும், பெரிய படங்கள் கோப்பைக் கனமாக்கும். தாளின் ஓரத்தை ஒட்டிக் கிடப்பவை 3 மி.மீ. பிளீட் (வெட்டுவதற்காக விடும் கூடுதல் ஓரம்) பகுதிக்குள் நுழைந்திருந்தால் அச்சிலும் எட்டிப்பார்க்கலாம். ஆகவே வெளியே வைப்பவற்றை ஓரத்திலிருந்து 25 மி.மீ.யாவது தள்ளி வையுங்கள், டெஸ்க்டாப் லேயரின் பிரின்டர் சின்னத்தையும் அணைத்துவிடுங்கள்.

குறியீட்டுத் தொகுப்பு அடுத்த ஆண்டுக் காலண்டருக்கும் வேண்டும். அதனால் மூலக் கோப்பை அப்படியே வைத்துக்கொண்டு, வேறு பெயரில் சேமித்த நகலில் மட்டும் டெஸ்க்டாப்பைக் காலி செய்து, எழுத்துகளை கன்ட்ரோல் + க்யூ மூலம் கர்வ்ஸ் (எழுத்துரு தேவைப்படாத வரைவடிவம்) ஆக்கி அனுப்புங்கள்.