உடைந்த எலும்பில் ஆணா பெண்ணா: சறுக்கும் இடங்கள்

ஆணா பெண்ணா என்று சரியாகச் சொல்லும் வாய்ப்பு, முழு எலும்புக்கூடு கிடைத்தால் 100 சதவீதம், இடுப்பெலும்பு மட்டும் என்றால் 95, நீண்ட எலும்புகள் மட்டும் என்றால் 80. சட்ட மருத்துவம் படித்தவர்கள் தேர்வுக்கு உருப்போட்ட கணக்கு இது. அமெரிக்க மானுடவியலாளர் வில்டன் கிராக்மன் தந்தது. முதல் சறுக்கலே இங்கேதான். இவை முழு எலும்புக்கான எண்கள். கிணற்றுச் சேற்றிலிருந்து வந்த உள்ளங்கை அகலச் சில்லுக்கும் அதே 95-ஐ அறிக்கையில் எழுதக்கூடாது. போதாக்குறைக்கு, அவர் பார்த்த தொகுப்பில் ஆண் எலும்புக்கூடுகளே மிக அதிகம். சந்தேகம் வந்தபோதெல்லாம் 'ஆண்' என்று சொல்லியிருந்தாலே பெரும்பாலும் சரியாகியிருக்கும்.

1969-ல் ஃபீனிஸ் என்ற ஆய்வாளர் சொன்ன முறை இடுப்பின் முன்பக்கத்து பியூபிஸ் எலும்பின் மூன்று அடையாளங்களைப் பார்ப்பது. கையில் இருந்தால் அதைவிட நல்ல சாட்சி கண்ணுக்குக் கிடைப்பதில்லை. ஆனால் மெல்லிய அந்தப் பகுதிதான் முதலில் நொறுங்கும். மிஞ்சுவது பெரும்பாலும் இடுப்பெலும்பின் பின்பக்கத்து விளிம்பில் உள்ள சயாட்டிக் பள்ளம். அகலமாக இருந்தால் பெண், குறுகலாக இருந்தால் ஆண் என்று பார்க்கிறோம். பள்ளத்தின் ஒரு ஓரம் உடைந்திருந்தால் ஆணின் எலும்பும் அகலமாகத்தான் தெரியும். உடைந்த விளிம்பையும் இயல்பான விளிம்பையும் லென்ஸ் வைத்துப் பிரித்தறியாமல் அகலத்தைப் பற்றிப் பேச வேண்டாம்.

மண்டையோட்டுச் சில்லில் இன்னொரு பொறி. புருவ மேடு, நெற்றியின் நடுமேடு, கண்குழியின் மேல்விளிம்பு மூன்றும் 'ஆண்' என்றதும் மூன்று சாட்சிகள் கிடைத்ததாக நினைத்துவிடுகிறோம். ஒரே துண்டில் சேர்ந்தே தடிக்கும் பகுதிகள் அவை. ஒரு சாட்சி மூன்று முறை பேசுகிறது, அவ்வளவுதான். முதிய பெண்களின் மண்டையோடு தடித்துக் காணப்படலாம், இளைஞனுடையது மென்மையாக இருக்கலாம். தடித்ததெல்லாம் ஆண் என்னும் சாய்வு பழைய தொகுப்புகளில் ஏறத்தாழ 12 சதவீதம் இருந்ததாக 1972-ல் மானுடவியலாளர் கென்னத் வைஸ் காட்டினார்.

அளவுகோலையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. தொடையெலும்புத் தலையின் விட்டம் 47.5 மி.மீ.-க்கு மேல் ஆண், 42.5-க்குக் கீழ் பெண் என்று பல நூல்களில் வரும் எல்லை அமெரிக்கத் தொகுப்பிலிருந்து வந்தது. உடலமைப்பு சிறிய மக்களிடம் அதையே வைத்தால் ஆண்கள் பலர் பெண்களாகிவிடுவார்கள். சிதையில் வெந்த எலும்பு சுருங்கும் என்பதால் அங்கே இந்த எல்லை இன்னும் தப்பாகப் போகும். பருவமடையாத குழந்தையின் எலும்பிலோ வடிவத்தை வைத்துச் சொல்லவே முயல வேண்டாம்.

கூடக் கிடைத்த பொருளை நம்பி ஏமாந்த கதைகளும் உண்டு. வேல்ஸ் நாட்டின் பேவிலண்ட் குகையில் 1823-ல் வில்லியம் பக்லண்ட் எடுத்த எலும்புகளோடு தந்தத்தால் ஆன அணிகள் இருந்தன, மண்டையோடு இல்லை. 'செந்நிறப் பெண்' என்ற பெயர் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, ஆனால் அது ஓர் இளைஞனின் உடல். சுவீடனின் பிர்காவில் 1878-ல் தோண்டிய கல்லறையில் ஆயுதங்கள் கிடந்ததால் ஆண் வீரன் என்றார்கள். 2017-ல் மரபணு பெண் என்றது. வழக்கில் வரும் வளையலும் வேட்டியும் இதே வேலையைத்தான் செய்யும். எலும்பைப் பார்த்துக் குறித்துவிட்டு அப்புறம் அவற்றைப் பாருங்கள்.

பல் ஒன்று மிஞ்சியிருந்தாலும் எனாமல் புரதத்தைச் சோதிக்கலாம், குழந்தைக்கும் இது பொருந்தும். ஒய் குரோமோசோமுக்குரிய புரதம் தெரிந்தால் ஆண். மாதிரி கெட்டிருந்தால் அது தெரியாததை மட்டும் வைத்துப் பெண் என்று எழுதிவிடாதீர்கள். சில்லுகளுக்குப் பசை போட்டு ஒட்டும் முன்பே பல்லைத் தனியாக எடுத்து வையுங்கள்.